பென்சில்கள் நின்ற குழாய்

என் மேசையில் ஏழு வருடங்களாக ஒரு குழாய்த் துண்டு நின்றது. ஒரு சாண் நீளம், இரண்டு அங்குல அகலம், சாம்பல் நிறம். வீடுகளில் தண்ணீருக்குப் பதிக்கிற சாதாரண பிளாஸ்ரிக் குழாய்தான். அதன் ஒரு வாய் சீமெந்தால் அடைபட்டிருந்தது. அடைபட்ட பக்கத்தில் வெள்ளைப் பெயின்ற் காய்ந்துபோய் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கீழே வைத்தால் குழாய் ஆடாமல் அசையாமல் நிற்கும். திறந்த வாயில் பென்சில்களையும் பேனைகளையும் போட்டு வைத்திருந்தேன். வீட்டுப் படம் கீற வருகிறவர்கள், நான் அளவுகோலைத் தேடுகிற இடைவெளியில் அதை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். நல்ல யோசனை என்பார்கள். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டவர்களும் உண்டு. ஒரு மேசன் தந்தவர் என்று சொல்வேன். அது உண்மை. உண்மையின் ஒரு நுனியை மட்டும் காட்டி மிச்சத்தை மடக்கி வைத்துக்கொள்வது எனக்கு எப்போதும் கைவந்த வேலை. ஒரு நல்ல மனிதனுடைய பெயர் அந்தக் குழாயால் கெட்டுப்போனது. கெடுத்தவன் நான். இதை எழுதும்போது என் கை நடுங்கவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுவது நல்லது.

நான் திருகோணமலையில் வீட்டுப் படம் கீறிக் கொடுத்துப் பிழைக்கிறவன். காணியை அளந்து, அறைகளைப் பிரித்து, நகரசபையின் அனுமதிக்கு ஏற்ற மாதிரிக் கீறிக் கொடுப்பேன். கட்டுகிறது மேசன்மாரின் பாடு. ஆனால் இந்த ஊரில் படம் கீறுகிறவனுக்குச் சமதரை காணக் கிடைப்பதில்லை. துறைமுகத்தைச் சுற்றி மேடும் பள்ளமும்தான். நல்ல தட்டைக் காணிகளை முன்னோர் கட்டி முடித்துவிட்டார்கள். பிந்தி வந்தவர்கள் மலைச்சரிவை வெட்டி வீடு வைக்கிறார்கள். சரிவை வெட்டினால் வெட்டிய மண் சும்மா நிற்காது. அதைத் தாங்க ஒரு சுவர் வேண்டும். மதில் கட்டத் தெரிந்த எல்லோருக்கும் அந்தச் சுவர் கட்டத் தெரியாது. மதிலை யாரும் தள்ளுவதில்லை. தாங்கு சுவரை மண் இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்கும்.

எனக்குத் தெரிந்து அதைச் சரியாகக் கட்டியவர் ஒருவர்தான். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்தவர். எல்லோரும் அவரை மேசன் நானா என்றார்கள்; முஸ்லிம்களின் பேச்சில் நானா என்றால் அண்ணன். நானும் நானா என்றே கூப்பிட்டேன். என்னைவிட ஆறேழு வயது கூடியவர். தினமும் முதல் பஸ்ஸில் பாலம் தாண்டி வந்துவிடுவார். வெற்றிலை போடமாட்டார், சிகரெட் பிடிக்கமாட்டார். ஆனால் பிளேன்ரீக்குச் சீனி குறைந்தால் கடைக்காரனோடு நின்று வழக்காடுவார். என் படங்களைப் பார்த்துச் சிரிப்பார். நான் சுவரை நேராகக் கீறியிருப்பேன். அவர் விரலால் தொட்டு, இது மலைப்பக்கம் கொஞ்சம் சாய வேணும் தம்பி, மண்ணுக்கு முதுகு குடுக்கிற மாதிரி, என்பார். திருத்தமாட்டேன் என்று நான் நின்றால், நீங்கள் கீறினபடி கீறுங்கள், நான் கட்டுகிறபடி கட்டுகிறேன் என்று போய்விடுவார். பன்னிரண்டு வருடம் இப்படித்தான் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். சரிவான காணி என்றால் நான் அவரைச் சொல்வேன். அவரைத் தேடி வருகிறவர்களிடம் அவர் என்னைச் சொல்வார்.

அவருடைய சீமெந்துக் கற்களை அவரே அரிவார். குறிஞ்சாக்கேணியில் தன் வளவில் கிடுகுப் பந்தல் போட்டு, அதற்குள் அச்சு வைத்து, அரிந்த கற்களை வெயில் படாமல் அடுக்கி நாளுக்கு இரண்டு தடவை நனைப்பார். அத்திவாரம் பாறை தட்டும்வரை வெட்டுவார். கற்களின் துவாரங்களுக்குள் கம்பியை நிறுத்திக் கொங்கிறீற் ஊற்றுவார். சுவரின் முதுகில், மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே, ஓரடி அகலத்துக்குச் சல்லிக்கல் கொட்டுவார். மழைத்தண்ணீர் அந்தச் சல்லியால் இறங்கி, சுவரில் வரிசையாகப் பதித்த குழாய்களால் வெளியே வந்துவிடும். குழாய்க்குள் மண்ணும் சல்லியும் போய் அடைக்காமல் இருக்க, உள்பக்க வாயில் பழைய மீன்வலையை நாலாய் மடித்துக் கட்டுவார். அந்த வலைக்காக உப்புவெளிக் கடற்கரைக்குப் போய், கிழிந்த நைலோன் வலைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். தண்ணீர் போக இடம் இருந்தால் சுவர் நூறு வருடம் நிற்கும், இல்லாவிட்டால் ஒரு மாரி தாங்காது என்று வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அலுக்காமல் சொல்வார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. சுவர் முடிந்து, பூச்சு முடிந்து, வீட்டுக்காரர் திருப்தி என்று சொன்ன பிறகும் தன் வேலை முடிந்துவிட்டதாக அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஐப்பசியில் முதல் பெருமழை விழும் நாளில் குடையோடு வருவார். யாரும் கூப்பிடத் தேவையில்லை. அந்த வருடம் கட்டிய சுவர்களின் கீழே ஒவ்வொன்றாகப் போய் நின்று, எத்தனை குழாயில் தண்ணீர் ஓடுகிறது என்று எண்ணுவார். எல்லாம் ஓடினால்தான் சுவர் முடிந்தது. ஒன்று ஓடாவிட்டால் கம்பி விட்டுக் குத்தி, அது ஓடும்வரை நனைந்துகொண்டு நிற்பார். அவர் மழைக்குள் நின்று சுவரைப் பார்ப்பதைக் கண்ட வீட்டுக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு தேத்தண்ணி கொடுப்பார்கள். ஊரில் அவருக்கு இருந்த பெயர் அந்தக் குடையால் வந்தது.

உவர்மலையில், ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபர் தன் மகளுக்கு வீடு கட்டினார். உள்துறைமுகம் முழுக்கத் தெரியும் அருமையான காணி. கீழே ஓர் ஒடுங்கிய ஒழுங்கை. ஒழுங்கைப் பக்கம் ஒன்பதடி உயரத்துக்குத் தாங்கு சுவர் வேண்டியிருந்தது. நான் கீறினேன், நானா கட்டினார். மேல் வரிசையில் ஏழு, கீழ் வரிசையில் ஏழு, மொத்தம் பதினாலு குழாய். சித்திரையில் பெய்த சிறு மழைக்கே அவற்றில் சில கசிந்தன. குழாய் வாயிலிருந்து செம்மண் கறை கீழ்நோக்கி ஒழுகிக் காய்ந்தது. ஆவணியில் மகளுக்குக் கலியாணம். தபாலதிபர் சுவருக்கு வெள்ளை அடித்தார். அடித்த மறுநாள் தோட்டத்துக்கு விட்ட தண்ணீர் கசிந்து, வெள்ளைச் சுவரில் பதினாலு சிவப்புக் கோடுகள் விழுந்தன. மாப்பிள்ளை வீட்டார் அந்த ஒழுங்கையால்தான் வரவேண்டும். அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மனிதர் கோபிக்கவில்லை, கெஞ்சினார். வெற்றிலை துப்பின மாதிரிக் கிடக்குது, கலியாண வீட்டில இது என்ன லட்சணம் என்றார். நானாவிடம் கேட்டாராம். ஏலாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாராம்.

எனக்கு அந்தக் கலியாணத்துக்கு அழைப்பு இருந்தது. தபாலதிபரின் தம்பி உப்புவெளியில் விருந்தினர் விடுதி கட்டப்போகிறார் என்றும், அதற்குப் படம் கீற ஆள் தேடுகிறார் என்றும் அறிந்திருந்தேன். இதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. நான் பெயின்ற் அடிக்க வந்தவனைக் கூப்பிட்டு, ஒவ்வொரு குழாய் வாயிலும் இரண்டு விரல் ஆழத்துக்குச் சீமெந்து வைத்து அடைக்கச் சொன்னேன். மேலே வெள்ளை அடித்தால் குழாய் இருந்த இடமே தெரியாது. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது, கலியாணம் முடிந்ததும் உளியால் தட்டினால் கழன்றுவிடும், நானே வந்து தட்டுகிறேன் என்று தபாலதிபரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கலியாணம் சிறப்பாக நடந்தது. சுவர் பால்போல் இருந்தது. அதற்கு முன்னால் நின்று படம் பிடித்தார்கள். நானும் ஒரு படத்தில் ஓரமாக நிற்கிறேன்.

கலியாணம் முடிந்த கிழமை போக நினைத்தேன். தபாலதிபர் குடும்பம் மகளை விமானம் ஏற்றக் கொழும்புக்குப் போய், மாரி தொடங்கும்வரை அங்கேயே தங்கிவிட்டது. ஒழுங்கையில் நின்று தட்டுவதற்கு வீட்டில் ஆள் தேவையில்லை. இருந்தும் ஆளில்லாத வீட்டுச் சுவரை எப்படித் தட்டுவது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பிறகு விடுதி வேலை வந்தது. இரண்டு தடவை உவர்மலையால் மோட்டார்சைக்கிளில் போனபோது நினைவு வந்தது. உளி கையில் இல்லை. மூன்றாம் தடவை உளியும் இருந்தது, வெயில் கடுமையாக இருந்தது. ஒருவன் ஒரு காரியத்தைச் செய்யாமல் விடுவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டியதில்லை என்பதை நான் அப்படித்தான் அறிந்துகொண்டேன்.

ஐப்பசி நடுவில் முதல் பெருமழை பிடித்தது. காலை எட்டு மணிக்கே வானம் இருண்டு, ஒன்பது மணிக்கு ஒழுங்கைகளில் வெள்ளம் ஓடியது. பத்து மணிபோல் தொலைபேசி அடித்தது. நானா. குரல் அடியில் கிடந்தது. டெங்கு வந்து கிண்ணியா ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாளாகப் படுத்திருப்பதாகச் சொன்னார். கையில் சேலைன் ஏறுகிறதாம். அந்த வருடம் கட்டிய மற்ற இரண்டு சுவர்களைப் பற்றியும் வீட்டுக்காரரிடமே கேட்டுவிட்டாராம். உவர்மலையில் தபாலதிபர் வீட்டில் யாரும் தொலைபேசி எடுக்கவில்லையாம்.

“தம்பி, நீங்க டவுனுக்குள்ளதானே. உவர்மலைச் சுவரைப் பாத்தீங்களா? பதினாலும் ஓடுதா?”

அந்த நொடியில் எனக்கு எல்லாம் நினைவு வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. மேசையில் விடுதியின் படம் விரிந்து கிடந்தது. கூரையில் மழை இரைந்தது. கால்சட்டை நனையும் என்று நினைத்தேன். மழை விட்டதும் போய்த் தட்டிவிடலாம், இவருக்கு இது தெரியவே தேவையில்லை என்றும் நினைத்தேன்.

“ஓம் நானா, இப்பதான் போய்ப் பாத்தனான். எல்லாம் ஓடுது.”

அவர் ஒரு மூச்சு விட்டது கேட்டது. ஓடாவிட்டால் சொல்லுங்கள், சேலைனைக் கழற்றச் சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்து வருகிறேன் என்று சொல்ல இருந்தாராம். இனிப் பயமில்லாமல் படுப்பேன் என்றார். எனக்கு நன்றி சொன்னார். நான் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அன்று மழை விடவில்லை. அடுத்த நாள் உளியையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். அவர் போகும்போது மாலையாகிவிட்டது. மூன்றாம் நாள் முற்பகல் சுவர் விழுந்தது. அதன் பின்னால் மூன்று நாள் மழைத்தண்ணீர் போக இடமில்லாமல் தேங்கி, மண் ஊறிப் பாரமாகி, நடுவில் பிளந்து ஒழுங்கையில் சரிந்தது. ஒழுங்கை ஒடுக்கம். கல்லும் மண்ணும் எதிர்வீட்டுக் குசினியை மூடின. அந்த வீட்டில் இடியப்பம் அவித்து விற்கும் ஓர் அம்மா இருந்தார், கணவன் இல்லாதவர். அந்த நேரம் அவர் அடுப்பை அணைத்துவிட்டு, இடியப்பப் பெட்டியை எடுக்க முன்னறைக்குப் போயிருந்தார். உயிர் தப்பிவிட்டார். குசினியும் அதற்குள் இருந்த எல்லாமும் போயின. அவருடைய பிழைப்பு அந்தக் குசினிதான்.

நான் போனபோது ஊர் கூடியிருந்தது. எனக்கு முன்னமே அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கலவையில் சீமெந்து காணாது என்றார் ஒருவர். கல் இறுகாத பச்சைக் கல் என்றார் இன்னொருவர். கிண்ணியாக்காரனிடம் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருவர் சொன்னார். அதை யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. தபாலதிபர் மறுநாள் கொழும்பிலிருந்து வந்து, என்னை ஒரு தரம் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் மேசனைக் கூப்பிடுங்கள் என்றார். எங்கள் இருவருக்கும் அதற்கு மேல் பேச்சு நடக்கவில்லை. பேசி வைத்துக்கொண்டது போலத்தான் எல்லாம் போனது.

நானா இரண்டு நாள் கழித்து வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தார். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. சாரம் இடுப்பில் நிற்காமல் பிடித்துப் பிடித்து நடந்தார். இடியப்பம் விற்கும் அம்மா அவரைக் கண்டதும், உங்களை நம்பித்தானே இதுக்குக் கீழ படுத்தனான் என்று அழுதார். நானா இடிந்த குவியலுக்குள் இறங்கிக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று, உடைந்த கல் ஒன்றைப் புரட்டினார். சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிக் கல்லை உதிர்த்து, உள்ளிருந்த குழாயை உருவினார். உள்பக்க வாயில் அவர் கட்டிய மீன்வலை அப்படியே இருந்தது. வெளிப்பக்க வாயைப் பெருவிரலால் தடவினார். பிறகு இன்னொரு குழாயைத் தேடி எடுத்துப் பார்த்தார். மூன்றாவதைத் தேடவில்லை.

தபாலதிபர் மேலே நின்று, எத்தனை பை சீமெந்து போட்டனீங்கள் என்று கேட்டார். நானா நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. கூட வேலை செய்யும் ஒருவர் மட்டம் பார்க்கும் நூலின் மறு நுனியைப் பிடிக்கும்வரை பார்த்து நிற்பது போலப் பார்த்தார். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் அடைக்கச் சொன்னனான் என்ற மூன்று சொல் போதும். எனக்கு வாய் இருந்தது, நாக்கு இருந்தது. விடுதியின் முதற்படம் சபைக்குப் போயிருந்தது. நான் கீழே கிடந்த செங்கறுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று தெரியாது. அந்த நேரத்தை நான் எத்தனையோ தரம் அளந்து பார்த்திருக்கிறேன், சரிவரவில்லை. பிறகு வலையை அவிழ்த்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, குழாயை என் கையில் தந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“நான் வந்து பாத்திருக்க வேணும் தம்பி. போனில கேட்டது என்ட பிழை.”

அடுத்த கிழமையே தன் வளவுக் கற்களை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, அந்த அம்மாவுக்குக் குசினி கட்டத் தொடங்கினார். உடம்பு தேறாமல், ஒரு வரிசை வைப்பதும் நிழலில் உட்காருவதுமாகப் பன்னிரண்டு நாளில் கட்டி முடித்தார். முன்னிருந்ததைவிடப் பெரிய குசினி, புகை போக ஒரு துவாரமும் வைத்திருந்தார். அவர் ஏன் அதைச் செய்தார் என்று நான் கேட்கவில்லை. தன் சுவரின் கீழே இருந்தவள் அடுப்பில்லாமல் இருக்கிறாள் என்பது அவருக்குப் போதுமான காரணமாக இருந்திருக்கும். ஆனால் அதைப் பார்த்த ஊர் வேறு கணக்குப் போட்டது. பிழையில்லாதவன் ஏன் சும்மா கட்டிக் கொடுக்கிறான் என்று கேட்டது. அதுவரை சந்தேகமாக இருந்தது அந்தக் குசினியோடு தீர்ப்பாகிவிட்டது. என்னிடமும் கேட்டார்கள். எனக்குக் கட்டிட வேலை அவ்வளவு தெரியாது, நான் படம் மட்டும்தான் என்றேன்.

அதன் பிறகு யாரும் அவரிடம் தாங்கு சுவர் கொடுக்கவில்லை. மதில், கக்கூஸ் குழி, கிணற்றுக் கட்டு என்று சில்லறை வேலை கொஞ்ச நாள் வந்தது. பிறகு அதுவும் நின்று, வளவில் கல் அரிந்து விற்பதோடு இருந்தார். உவர்மலைச் சுவரை வெளியூர் ஆட்கள் திரும்பக் கட்டினார்கள். அவர்களும் குழாய் வைத்தார்கள். சுவரில் செம்மண் கறை விழுந்தது. இம்முறை யாருக்கும் அது அசிங்கமாகத் தெரியவில்லை. தபாலதிபர் மகளோடு கனடா போய்விட்டார். விடுதியின் படத்தை நான்தான் கீறினேன். நல்ல பெயர் வந்தது. அந்தக் குழாயை வீசிவிடக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று தரம் கடற்கரைக்குப் போனேன். வீசவில்லை. ஒரு நாள் மேசையில் வைத்தேன். பென்சில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், நின்றது. பிறகு பார்க்கப் பழகிவிட்டது. தண்டனைக்காக வைத்திருந்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் வசதியாகவும் இருந்தது.

சுவர் விழுந்த பிறகு நானாவை நாலு தரம் கண்டிருப்பேன். பஸ் நிலையத்தில் ஒரு தரம், சீமெந்துக் கடையில் ஒரு தரம். சுகமா தம்பி என்பார், சுகம் நானா என்பேன். சுவரைப் பற்றிய கதை வந்ததில்லை. சென்ற வருடம் சீமெந்துக் கடைக்காரர் தொலைபேசியில் வேறு விஷயம் பேசிவிட்டு, மேசன் நானா மௌத்தாகிவிட்டார், பின்னேரம் அடக்கம் என்றார். அப்போது நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். செய்தியைக் கேட்ட பிறகும் சீவினேன். மூன்று பென்சில்களைச் சீவிக் குழாயில் போட்டேன். அடக்கத்துக்குப் போகவில்லை. பிந்திவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. உள்ளே துக்கம் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

இந்தப் புரட்டாதியில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாளாம். கணவனுக்குத் துறைமுகத்தில் வேலை. பாலையூற்றுப் பக்கம் ஒரு மேட்டுக் காணி வாங்கியிருக்கிறார்கள், வீட்டுப் படம் வேண்டும் என்றாள். காணி உறுதியின் பிரதியை மேசையில் வைத்தாள். கதையோடு கதையாக, என்னைத் தன் வாப்பாவுக்குத் தெரியும் என்றாள். யார் என்று கேட்டேன். சொன்னாள். நான் அளவுகோலை எடுத்து வைத்துக்கொண்டு, காணி எவ்வளவு சரிவு என்று கேட்டேன். ஓராள் உயரம் வரும், தாங்கு சுவர் வேண்டும் என்றாள். வீட்டைத் தன் சாச்சா, வாப்பாவின் தம்பி, கட்டித் தருவார் என்றாள். சுவருக்கு மட்டும் வெளியாள் பார்த்துத் தரச் சொன்னாள்.

“எங்கட ஆக்களுக்குச் சுவர் சரிவராது சேர். உவர்மலையில வாப்பா கட்டின சுவர் விழுந்தது உங்களுக்குத் தெரியுந்தானே.”

வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னாள். குரலைத் தாழ்த்தி, தகப்பனுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதர் வீட்டிலும் சொல்லவில்லை. பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால் சாகும்வரை சுவர் விழவிட்ட மேசனாகவே இருந்துவிட்டுப் போயிருக்கிறார். அது ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது. என்னைக் காப்பாற்ற நினைத்தார் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை. நான் சொல்வதற்காக அவர் கடைசிவரை காத்திருந்தாரோ என்ற எண்ணமும் வருகிறது. அந்த எண்ணத்தோடு நெடுநேரம் இருக்க முடிவதில்லை.

நான் அவளிடம் சொன்னேன். கலியாணம், வெள்ளைச் சுவர், சீமெந்து, தொலைபேசி, ஆஸ்பத்திரி, எல்லாம். ஏழு வருடம் சுமந்ததாக நான் நினைத்திருந்த விஷயத்தைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. படத்தின் அளவுகளை வாசிப்பது போலத்தான் வாசித்தேன். குழாயைக் காட்டி, இது அந்தச் சுவரில் இருந்தது என்றேன்.

அவள் அழவில்லை. வாப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், அவர்தான் இதை என் கையில் தந்தவர் என்றேன். அவள் குழாயைக் கிட்ட இழுத்தாள். உள்ளே இருந்த பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்து, குழந்தைகளின் பொருட்களை ஒதுக்குகிற கவனத்தோடு, மேசையில் வரிசையாக வைத்தாள். பேனைகளையும் எடுத்து வைத்தாள். பிறகு குழாயைத் திருப்பி, அடைபட்ட வாயையும் அதன் மேலிருந்த வெள்ளையையும் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். தகப்பனும் அப்படித்தான் தடவினார்.

“இதுக்குள்ளயா நீங்க பென்சில் வச்சிருந்தீங்க?”

ஓம் என்றேன். உம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிக் குழாயைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். கதிரையைத் திரும்ப உள்ளே தள்ளி வைத்துவிட்டுத்தான் போனாள். காணி உறுதியின் பிரதி மேசையிலேயே கிடந்தது. மறந்து விட்டுப்போனாளா, வேலையைச் செய் என்று விட்டுப்போனாளா தெரியாது. நான் படத்தைக் கீறி முடித்துவிட்டேன். சுவரை மலைப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கீறியிருக்கிறேன். குழாய்கள் எத்தனை, எந்த இடைவெளியில் என்று குறித்திருக்கிறேன். சுவர் கட்டுபவர் பெயருக்கு விட்ட இடத்தில் சாச்சா என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். அவள் இன்னும் வரவில்லை. தொலைபேசி எடுக்க எனக்குத் துணிவில்லை.

சென்ற கிழமை ஐப்பசி மழை தொடங்கியது. குடையை எடுத்துக்கொண்டு உவர்மலைக்கு நடந்தேன். ஒழுங்கையில் கணுக்கால் அளவு தண்ணீர். புதிய சுவரின் கீழே நின்று எண்ணினேன். எல்லாக் குழாயும் ஓடியது. எதிர்வீட்டுக் குசினியில் புகை போகிற துவாரத்தால் புகை போய்க்கொண்டிருந்தது. இடியப்பம் விற்கும் அம்மா எட்டிப் பார்த்து, என்ன தம்பி மழைக்குள்ள நிக்கிறீங்கள் என்றார். சும்மா என்றேன். அவருக்கும் சொல்ல வேண்டும். அன்று சொல்லவில்லை. நனைந்த கால்சட்டையோடு வீட்டுக்கு வந்தேன்.

பென்சில்களை இப்போது பால்மா வந்த ஒரு தகர ரின்னில் போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் நான் அளவுகோலைத் தேடும் நேரத்தில் சுவரையும் நாட்காட்டியையும் பார்க்கிறார்கள். ரின்னை யாரும் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.